சாப்பாட்டு மேஜைப் பள்ளிக்கூடம்

“அந்தக் கணக்கு நோட்டை எடுத்து மேல வை! ஓடு, ஓடு!”

மகளை விரட்டிக்கொண்டே ஈரத்துணியால் சாப்பாட்டு மேஜையைப் பரபரவென்று துடைத்தாள் அவள். அழைப்பு மணி இரண்டாம் முறை அலறியது. இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன கல்வி அதிகாரி, பன்னிரண்டரைக்கே வந்து வாசலில் நிற்கிறார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் அவள் வீட்டிலேயே பாடம் நடத்துவதைப் பற்றி யாரோ பெயர் போடாமல் கடிதம் எழுதிவிட்டார்கள். இன்று அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால், திங்கட்கிழமை முதல் இருவரும் பள்ளிக்கூடத்தில்.

“மாடிக்காரி வேலைதான் இது! நம்ம ஜெபம் அவ டிவி சத்தத்துக்கு இடைஞ்சலாம்!”

சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவன், லிஃப்ட் மெக்கானிக், தலை நிமிரவில்லை. “முதல்ல கதவைத் திறம்மா.”

உள்ளே வந்த அதிகாரி, “சாப்பிடற நேரத்துல வந்துட்டேனோ?” என்று தயங்கினார்.

“இதுதாங்க மேடம் எங்க வகுப்பே. உக்காருங்க!”

அந்த வீட்டில் தட்டு வைத்தபின் எட்டு வயதுச் சின்னவன் வேதப் புத்தகத்தில் ஒரு பகுதி வாசிக்க வேண்டும். பிறகு ஆளுக்கொன்று சொல்லிக் கடவுளுக்கு நன்றி. அப்புறம்தான் சோற்றில் கை. சோறும் வேதமும் ஒன்றாக உள்ளே இறங்கினால் பிள்ளைகள் பொய்யறியாமல் வளர்வார்கள் என்பது அவள் நம்பிக்கை.

‘பட்டாசு’ என்று வீட்டார் கூப்பிடும் சின்னவன் வரிமேல் விரல் ஓட்டிப் படபடவென்று பொரிந்தான். சரியான இடத்தில் பக்கத்தைக்கூடப் புரட்டினான். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அதிகாரி புத்தகத்தை வாங்கி, இருபது பக்கம் தள்ளித் திறந்தார். “இதை வாசி ராஜா.”

பட்டாசு நமுத்துப் போனான். அக்காவைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது.

“நீ சொல்லாதம்மா.” அதிகாரி மேஜையிலிருந்த பாக்கெட்டை நீட்டினார். “இதுல என்ன எழுதியிருக்கு?”

“உப்பு.”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“வெள்ளையா இருக்குல்ல?”

அது சர்க்கரை. யாரும் சிரிக்கவில்லை.

“பயந்துட்டான் மேடம்! டேய், வாசிடா!”

“எனக்குத் தெரியாதும்மா...” பட்டாசு விம்மினான். “அக்காதான் முந்தின நாளே சொல்லித் தருவா. நான் மனப்பாடம் பண்ணிடுவேன்.”

“ஏன்டி இப்படிப் பண்ணின?”

பெரியவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். “அவனுக்கு வாசிக்க வரலேன்னு ஒருநாள் சோறு காய்ஞ்சு வறட்டியாகுற வரைக்கும் எல்லாரையும் உக்கார வெச்சியேம்மா. அவனும் அழுதான், நீயும் அழுத. மறுநாள்லேருந்து சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு வருஷமாச்சு.”

அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதினார். “திங்கட்கிழமை அனுப்பிடுங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வேதப் புத்தகத்தை எடுத்து மூடினாள். ‘என் பிள்ளை அழகா வாசிக்கிறான்.’ தினமும் அவள் சொன்ன நன்றி அது ஒன்றுதான். அத்தனை நாளும் அதைக் கேட்டுக்கொண்டு கடவுளும் கம்மென்றுதானே இருந்தார்? இனி எந்த வாயால் ஜெபிப்பது?

அழுகை ஆத்திரமாகத் திரும்பியது. “அந்த மாடிக்காரியை ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்!”

கணவன் வாசலை மறித்தான்.

“போகாதம்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. லெட்டர் போட்டது நான்.”

“நீங்களா?”

“உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்ல. போன மாசம் இவனை வேலைக்குக் கூட்டிட்டுப் போனேனே... லிஃப்ட் இல்லாத குழி, ஏழு மாடி ஆழம். ‘ஆபத்து, உள்ளே வராதே’ன்னு பலகை மாட்டியிருந்தேன். பய அதை நின்னு நிதானமாப் பார்த்தான். பார்த்துட்டு உள்ள காலை வெச்சான்.”

அவன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

“சட்டைக் காலர்தான் கையில சிக்குச்சு.”