கிரிகரி நடந்த கோடு

ட்ரோனைத் தயார் செய்யும் வேலை மூன்றாவது தடவையும் பாதியில் நின்றது. நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் சாண்ட்ரா தங்கியிருந்த அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மருந்து தெளிக்கும் ட்ரோனைக் கிடத்தியிருந்தார்கள். கைகளை மடக்கி, வயிற்றில் மருந்துத் தொட்டியோடு கிடந்த அதைத் தாண்டித்தான் சாண்ட்ரா குளியலறைக்கே போகவேண்டியிருந்தது. அவளிடம் இருந்த கணினி, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்காக வாங்கிய மேக். ட்ரோனைப் பறக்கத் தயார் செய்யும் மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். தம்பி பிராண்டனின் லேப்டாப் செத்துப்போயிருந்தது. கடைசியில் அவள் தன் மேக்குக்குள்ளேயே ஒரு விண்டோஸைக் குடிவைத்தாள். இடம் போதவில்லை. முடிக்காமல் கிடந்த கல்யாணங்களை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அதற்கு இடம் கொடுத்தாள்.

சிக்கல் கேபிளில் இருந்தது. சொருகினால் திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும்: இந்தக் கருவியை மேக்கிடம் கொடுக்கவா, விண்டோஸிடம் கொடுக்கவா? விண்டோஸ் என்று அழுத்தினால் வேலை ஓடும். பாதியில் ட்ரோன் ஒருமுறை அணைந்து எழும். அந்தக் கணத்தில் விண்டோஸின் பிடி விட்டுப்போகும். எழுந்ததும் பெட்டி திரும்ப வந்து அதே கேள்வியைக் கேட்கும். ஒரு நிமிஷம் தாமதித்தால் எல்லாம் முதலிலிருந்து. ஆள் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

"பொறுமையா செய் அக்கா. அப்பாவுக்காகத்தானே" என்றான் பிராண்டன், ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே. "இனிமே அவரு கேங்குல எந்தப் பொம்பளையும் பம்பு தூக்க வேணாம். மிஷின் அடிக்கும், அவங்க தண்ணி கலந்து குடுத்தா போதும்லா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்பா கிரிகரி ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கங்காணி. மறுநடவு செய்த, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் கன்றுகளில் வண்டு குருத்தைக் குடையும். ஒவ்வொரு குருத்திலும் மருந்து இறங்க, பெண்கள் முதுகில் பம்போடு கன்று கன்றாகப் போவார்கள். அம்மாவும் பம்பு தூக்கியவள்தான். மருந்து தின்ற விரல்களில் நகம் ஒழுங்காக வளராமலே போய்ச் சேர்ந்தாள். கங்காணி ஆவதற்கு முன் அப்பாவும் பம்பு தூக்கியவர்; அவருடைய இரு தோள்களிலும் பட்டை அழுத்திய இடம் மட்டும் தோல் கறுத்து, வழுவழுவென்று, சட்டை கழற்றினாலும் பம்பு போட்டிருப்பதுபோல் தெரியும்.

கடைசியில் ட்ரோன் ஒத்துக்கொண்டது. மென்பொருளில் தோட்டத்தின் வரைபடம் விரிந்தது. எல்லைக்கோடு. அளவுக்கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவே நடந்து காட்டியதாம். முனியாண்டி கல்லைச் சுற்றி ஒரு வட்டம் விட்டிருந்தார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவர். ஆனால் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவருடைய கேங் ஒரு நாளும் விஷம் தெளித்ததில்லை, காலில் பூட்ஸோடு தாண்டியதும் இல்லை. கிழக்குப் பக்கம், தண்ணீர் ஓடும் பாரிட் ஓரத்தில், கோடு ஓரிடத்தில் திடீரென்று உள்ளே வளைந்து வெளியே வந்தது.

"இது என்னடா, பல்லு விழுந்த மாதிரி?"

"அதா... சிகரெட் பத்தவைக்க ஒதுங்குனாரு. காத்து. விடு, நாலு கன்னு போனா போவுது."

சாண்ட்ரா சிரித்துவிட்டாள். அப்படியே சேமித்தாள்.

சனிக்கிழமை மேக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளும் தோட்டத்துக்குப் போனாள். அப்பா பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் நின்றார். லோரியின் பின்னால் பெண்கள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் பம்புகள்.

"டேய் பிராண்டன்" என்று அவர்களில் ஒருத்தியான வள்ளியம்மா, கீழே இறக்கிவைத்திருந்த ட்ரோனைக் காட்டிக் கத்தினாள். "ஒன் பெரிய வண்டுக்கு இடுப்பு வலிக்குமா? தைலம் வேணுமா, கொண்டாந்துருக்கேன்!"

பெண்கள் சிரித்தார்கள். பிராண்டன் சிரிக்கவில்லை. அவன் போட்டிருந்த புதுச் சட்டையின் மார்பில் ஒரு கம்பெனிப் பெயர் தைத்திருந்ததை அப்போதுதான் சாண்ட்ரா கவனித்தாள்.

மேனேஜர் ராதாகிருஷ்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக அப்பாவிடம் வந்தார். "கிரிகரி, மேப் ரொம்ப கிளீன். நீங்களே நடந்தீங்களாமே, பிராண்டன் சொன்னார். பெரிய மனசு ஒங்களுக்கு. வேற யாரா இருந்தா மகனுக்கே வேலைய விட்டுக்குடுப்பாங்களா?"

அப்பா புரியாமல் பார்த்தார்.

"இந்த ப்ளோக் நல்லா ஓடுச்சுனா அடுத்த மாசத்துலேருந்து மருந்தடிக்கிறது எல்லாம் பிராண்டன் கம்பெனிதான். இன்னைக்கு மட்டும் ஒங்க ஆளுங்க இருக்கட்டும். மிஷின் மக்கர் பண்ணுனா அவங்க அடிக்கட்டும்."

அப்பா மகனைப் பார்க்கவில்லை. முனியாண்டி கல் இருந்த திசையைப் பார்த்தார். அந்த வட்டத்தை அவர் எப்படிக் காட்டியிருப்பார் என்று சாண்ட்ராவுக்குத் தெரியும். இங்க வேணாம்ப்பா, இங்க பள்ளம், இங்க கரண்டு கம்பி தொங்குது, பார்த்துப் போ என்று, பிள்ளையின் கையைப் பிடித்து ரோடு தாண்டுவதுபோல் நடத்திக் காட்டியிருப்பார். அவருக்கும் அதே வார்த்தையைத்தான் பிராண்டன் சொல்லியிருக்கிறான். ஒங்க கேங்குக்குத்தான் அப்பா.

"என்கிட்ட என்னடா சொன்ன?" சாண்ட்ரா தம்பியின் சட்டையைப் பிடித்து ஜீப்பின் மறுபக்கம் இழுத்தாள். "தண்ணி கலந்து குடுத்தா போதும்னு சொன்னியே. எத்தன பேருக்கு அந்த வேலை?"

"மெதுவா பேசு."

"எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு" என்றான். பிறகு எரிச்சலோடு, "நான் வரலன்னா வேறெவனாச்சும் வருவான்லா. அப்ப யாரப் புடிச்சு இழுப்ப? நம்ம வீட்டுக்காவது வரட்டுமே."

"அப்பாகிட்ட அத நேரா சொல்லிருக்கலாமே."

"சொல்லிருந்தா நடந்துருப்பாரா? நீ விண்டோஸ் போட்டுக் குடுத்துருப்பியா?"

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள். போட்டுக் கொடுத்திருக்க மாட்டாள் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அப்போது ட்ரோன் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக் கத்தியது. லோரியில் ஏறி இறங்கிய குலுக்கலில் திசைகாட்டி குழம்பிவிட்டிருந்தது. கேபிள் போட்டுச் சரிசெய்தால்தான் எழும்பும். பிராண்டன் ஜீப்பின் முன்மூடியில் மேக்கைத் திறந்து வைத்து, கேபிளை அவனே சொருகினான். பெட்டி வந்து நின்றது. மேக்கிடமா, விண்டோஸிடமா?

"அக்கா, பாஸ்வேர்ட் போட்டு அழுத்து. ப்ளீஸ்லா. மேனேஜர் பாக்குறாரு."

பாஸ்வேர்டைப் போட்டுவிட்டாள். பழகிய விரல். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள். "அப்பா..."

"என்னைய ஏன் கேக்குற?" கிரிகரியின் குரல் உயரவில்லை. "நடக்கச் சொன்னப்ப என்னைய யாரும் கேக்கலியே. அக்காவும் தம்பியும் ரூம்ல ஒக்காந்து சேந்துதானே செஞ்சீங்க."

"எனக்குத் தெரியாதுப்பா."

"எனக்குந்தான் தெரியாது" என்றார்.

லோரிக்குப் போனார். வள்ளியம்மாவின் பக்கத்திலிருந்த பம்பை இழுத்து, வெள்ளைச் சட்டையின் மேலேயே பட்டையை மாட்டினார். அது கறுத்த தழும்பின் மேல் போய்த் தானாக உட்கார்ந்தது. கன்றுகள் நின்ற ப்ளோக்குக்குள் இறங்கினார். முதல் கன்றின் குருத்தை விலக்கி அடித்தார். அடுத்த கன்று.

"கிரிகரி! உள்ள ஆள் இருந்தா மிஷின் ஏத்தக்கூடாது!" மேனேஜர் கத்தினார்.

"அப்பா, வெளிய வாங்க!" என்று பிராண்டனும் கத்தினான்.

வள்ளியம்மா பிராண்டனைப் பார்த்தாள். காறித் துப்பிவிட்டு லோரியிலிருந்து குதித்து இன்னொரு பம்பை எடுத்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"அழுத்து அக்கா. ரெடியா வச்சுட்டா அவர நான் கூட்டிட்டு வந்துருவேன். அழுத்து!"

சாண்ட்ராவின் விரல் மேக்கின் டச்பேடின் மேல் இருந்தது. பெட்டிக்குப் பின்னால் வரைபடத்தின் பச்சைக்கோடு தெரிந்தது. வெளியே, வெயிலில், அதே கோட்டின் மேல் வெள்ளைச் சட்டை போய்க்கொண்டிருந்தது, முதுகில் நனைந்து ஒட்டி. பாரிட் ஓரத்தில், கோடு உள்ளே வளையும் இடத்தில், அவர் நின்றார். காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஒதுங்கிக் கையைக் குவித்தார். சிறிய புகை எழுந்தது. பிறகு சிகரெட்டைப் பல்லிடுக்கில் கடித்தபடி, விட்டுப்போன அந்த நாலு கன்றுகளுக்கும் அடிக்க ஆரம்பித்தார்.