படகு இல்லை என்று சொன்னவன்

முகாம் ஆபீசுச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் எங்கள் ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷமாக சர்வேக்காரர்களுக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிறவனுக்கு மேப் பார்க்கத் தெரியாதா? ராயபுரம், தண்டையார்பேட்டை, இதோ நான் நிற்கிற திருவொற்றியூர், அப்படியே விரலை வடக்கே நகர்த்தினால் எண்ணூர். முகத்துவாரத்துக்கு உள்ளே, கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து கிடக்கிற எங்கள் கழி. அதன் மேல் முழுக்க முழுக்க ரோஸ் வர்ணம் தீட்டியிருந்தார்கள். நீலம் என்றால் தண்ணீர், யாரும் தொடக்கூடாது. ரோஸ் என்றால் மண் கொட்டி மேடாக்கி ஃபேக்டரி கட்டப்போகிற இடம். மூலையில் அதையும் எழுதி, ஆட்சேபணை சொல்ல இன்று சனிக்கிழமை பகல் ஒரு மணிவரைதான் கெடு என்றும் போட்டிருந்தார்கள். ஒரு மாதமாக மாதவரம் பக்கம் அளவு வேலை, கூடாரத்திலேயே படுக்கை. இன்று காலையில்தான் திரும்பி வந்திருந்தேன். ஊர்க்காரர்கள் பார்த்திருக்கலாமே என்றால், எங்கள் ஊரில் சர்க்கார் சுவர்ப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

நாற்பத்தொரு குடும்பம் அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் சோறு தின்கிறது. இறால், நண்டு, மடவை மீன். கடலுக்குப் போகிற கட்டுமரம் எங்களிடம் கிடையாது. கழியில் கம்பு ஊன்றித் தள்ளுகிற சின்னப் படகுதான் எல்லாம். இது தெரியாமல் வர்ணம் அடித்துவிட்டான் பாவி என்று படம் போட்டவரைத் திட்டிவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அங்கே படகே இல்லை என்று சொன்னவன் நான்.

மூன்று மாதத்துக்கு முன் பிளான் ஆபீசர் கிருஷ்ணப்பன் கழியைப் பார்க்க வந்தார். அவர் வரப்போகிறார் என்று முதல் நாளே ஊருக்குத் தகவல் சொன்ன மகராசனும் நான்தான். சண்டைக் காலத்தில், ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது, லாரியில் வந்த ஒருத்தன் "உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லி எங்கள் படகுகளை எண்ணி எழுதிக்கொண்டு போனான். மறுநாள் அத்தனையும் போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை. என் மாமனார் தன் படகைக் கேட்டு ஒன்றரை வருஷம் அலைந்து அந்த அலைச்சலிலேயே போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து, எண்ண வருகிறவன் எவனாக இருந்தாலும் ஊரில் ஒரே வழக்கம்: படகுக்குள் சேற்றை அள்ளிப்போட்டுத் தண்ணீருக்குள் முழுக்கிவிடுவது. ஒருமுறை ஆடு மாடு கணக்கெடுக்க வந்தவனுக்குக்கூட முழுக்கியிருக்கிறோம்.

அன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறேன், என் காலில் ஒரு விளிம்பு தட்டியது. என் மனைவி அடைக்கலமேரியின் படகு. கரையில் நின்ற கிருஷ்ணப்பன் சார், "பாஸ்கல், இந்தத் தண்ணியிலே யாராவது தொழில் பண்றாங்களா? படகு ஓடுதா? நல்லதுக்குத்தான் கேக்கறேன்" என்றார். எங்களுக்கு ஆகாத அதே வார்த்தை. படகின் மேலேயே காலை ஊன்றி நின்றுகொண்டு, "இல்ல சார், வெறும் சேறு, ஒரே கலீஜு" என்றேன். எதற்குக் கேட்கிறீர்கள் சார் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரில் எனக்கு அன்று ராஜ மரியாதை. நாட்டாமை சிலுவைமுத்து மாமா வீட்டிலிருந்து நண்டுக் குழம்பு வந்தது.

இப்போது அதே சாருக்கு முன்னால் போய் நின்று, எல்லாம் பொய் என்று சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நோட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். 'படகு: இல்லை. வலை: இல்லை. தகவல்: பாஸ்கல், சங்கிலி ஆள், உள்ளூர்க்காரர்.'

"உள்ளூர்க்காரன் பேச்சை நம்பாம நான் யாரை நம்பறது?" என்றார். "நாட்டுக்கு ஃபேக்டரி வேணும் பாஸ்கல். ஆனா ஜனங்க பிழைக்கிற தண்ணியைத் தூர்க்கக் கூடாதுன்னு எனக்குத் தெளிவா உத்தரவு. நாப்பது படகு ஓடற தண்ணின்னு தெரிஞ்சிருந்தா இந்த எல்லைக் கோட்டையே மேற்கால தள்ளியிருப்பேன். அங்கே மேட்டு நிலம் சும்மாத்தானே கிடக்கு."

நான் காலில் விழப்போனேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கால்ல விழுந்து ஒண்ணும் ஆகாது. எழுதினதை மாத்தணும்னா நான் கண்ணால பாத்தாகணும். ஒரு மணிக்கு ஜீப் கிளம்புது, படமும் அதிலேதான் போகுது. ஆபீசுக்குப் பின்னாலேயே கால்வாய் இருக்கு. அது வழியா படகுகளைக் கொண்டு வா. எத்தனை வருதோ அத்தனையும் எழுதறேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதாகப் பத்து நிமிஷம். வாட்ச்மேன் சைக்கிளை வாங்கிக்கொண்டு மிதித்த மிதியில் எண்ணூர் போய்ச் சேரும்போது எனக்கு வாயில் பேச்சு வரவில்லை. காலைத் தொழில் முடிந்து படகெல்லாம் கரையில் கிடந்தன. நல்ல வேளை மாதாவே என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமா, படகெல்லாம் எடுங்க. கால்வா வயியா ஒத்தியூரு போவணும். ஆபீசரு எண்ணணுமாம்" என்றேன்.

எப்படிச் சொல்லக்கூடாதோ அப்படித்தான் சொன்னேன். எண்ணணும் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"இன்னா நைனா," என்றார் சிலுவைமுத்து மாமா. "அன்னிக்கி இல்லன்னு நீயே சொன்னே. இன்னிக்கி கீதுன்னு நீயே இஸ்துகினு போயி காட்டச் சொல்றே. அவனுக்கு ஆளாயிட்டியா?"

"கயிக்கு ரோஸ் கலரு அடிச்சிட்டாங்க மாமா. மண்ணு கொட்டி மூடப் போறாங்க. படகு கீதுன்னு இப்ப காட்டலேன்னா நாம பூட்டோம்."

"தண்ணிய எவன்டா மூடுவான்? இந்தாண்ட கொட்டுனா அந்தாண்ட கடலு வந்து ரொப்பிகினே கீது." சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இரண்டு மூன்று பேர் கூடவே சிரித்தார்கள். பிறகு கரைப்பக்கம் திரும்பி, "டேய், நிக்காதீங்கடா. எல்லாத்தையும் முயுக்குங்க!" என்று குரல் கொடுத்தார்.

கையெடுத்துக் கும்பிட்டேன், தலையில் அடித்துக்கொண்டேன், பச்சை பச்சையாகத் திட்டினேன். யாரும் கோபப்படக்கூட இல்லை. ஆளுக்கொரு கூடையில் சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன சுறுசுறுப்பு! கோயில் தேருக்குக்கூட எங்கள் ஆட்கள் இப்படி ஒன்றாகக் கைகொடுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு படகாக ஒருபக்கம் சாய்ந்து, குமிழி விட்டு, உள்ளே போயிற்று. அடைக்கலமேரியும் தன் படகில் சேறு கொட்டிக்கொண்டிருந்தாள். "மேரி, நீயாவது நான் சொல்றத கேளு" என்றேன்.

"எங்கப்பன் படகும் எண்ணித்தான்யா போச்சு" என்றாள். அவள் கூடையைக் கீழே வைக்கவில்லை. ஆபீசரையாவது பிடித்து நிறுத்தலாம் என்று நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன். திருவொற்றியூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன், வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்கு மேல் நிற்க முடியாது என்றுவிட்டார் சார். யாராவது மனம் மாறி வரமாட்டார்களா என்று பன்னிரண்டு மணியிலிருந்து கால்வாய்க் கரையில் நின்றேன். வடக்கே கால்வாய் வளைகிற இடத்தில் ஏதாவது நிழல் தெரிந்தால் போதும், நெஞ்சு எழும்பிவிடும். சவுக்கு விறகு ஏற்றிய பெரிய படகு வந்தது. உப்புப் படகு வந்தது. இன்னொரு விறகுப் படகு. நூறு தடவையாவது சிலுவை போட்டுக்கொண்டிருப்பேன். ஒன்றுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது கிருஷ்ணப்பன் சார் சுருட்டிய படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். டிரைவர் ஜீப் என்ஜினைக் கிளப்பினான். சார் என்னைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார்.

அப்போதுதான் வளைவில் மேரி வந்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மார்புவரை சேற்றோடு, கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தாள். படகுக்குள் பாதிச் சேறு அப்படியே கிடந்தது. முழுக்கியதைத் தனியாளாகத் தூக்கியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பார்த்தேன்.

"மத்தவங்க?"

"யாரும் வரல. நீ அயுதுகினே போனத பாத்து நான்தான் வந்தேன். நாட்டாமை பொண்டாட்டி மட்டும் கொஞ்ச தூரம் கரையிலயே ஓடியாந்துச்சு, திட்டிகினே." அவள் ஆபீசரிடம் திரும்பினாள். "எயுதிக்கினு இத்தயும் தூக்கினு பூடுவீங்களா சார்?"

"இல்லம்மா. சத்தியமா இல்லை."

"அப்போ எயுதிக்குங்க. அடைக்கலமேரி. மேலாண்ட எங்கப்பன் பேரையும் போட்டுக்குங்க."

அவர் எழுதினார். 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன். நாற்பத்தொண்ணு சார், மாதா மேல ஆணை, எல்லாம் தண்ணிக்கு அடியில கிடக்கு சார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பார்த்ததைத்தானே எழுத முடியும். படத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து, பறக்காமலிருக்க என்னை ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பையிலிருந்து நீலப் பென்சிலை எடுத்தார்.

"ஒரு படகு போய்வர எவ்வளவு அகலம் வேணும்மா?" கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

மேரி கரையோரம் நின்ற படகிலிருந்தே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரித்த கையை மடக்காமலே, "படகுக்கு இம்மாம் போதும் சார். எறாலுக்கு எம்மாம் வேணும்னு கேளுங்க" என்றாள்.

டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். சார் நீலப் பென்சிலை முகத்துவாரத்தில் வைத்து, ரோஸ் வர்ணத்துக்கு நடுவே உள்ளே இழுக்கத் தொடங்கினார். நூல் கனத்துக்கு ஒரு கோடு. நான் படத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கால்வாய் வளைவிலிருந்து எடுக்காமல், "மெதுவாப் போடுங்க சார், கொஞ்சம் மெதுவாப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.