நூற்று இருபத்தெட்டு நாள்

மறுமுனையில் அம்மாவின் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. இர்மா தன்னுடையதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அப்பாவின் தாடையில் மறுபடி சோப்பைக் குழைத்துப் பூசினாள். இடது கன்னத்தை அவர் உயிரோடு இருந்தபோதே மழித்து முடித்துவிட்டாள். வலது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனபோதுதான் அவர் மூச்சு விடவில்லை என்பது தெரிந்தது. அது காலை ஏழு மணிக்கு. மருத்துவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, ஒரு மனிதரைப் பாதி மழித்த முகத்தோடு அனுப்பக் கூடாது என்று மீண்டும் கத்தியை எடுத்திருந்தாள்.

"எடுத்தாளா?" என்று சமையலறையிலிருந்து எஸ்தெர் அத்தை கேட்டாள்.

"இல்ல அத்தை."

"எப்படி எடுப்பா? மகாராணி டான்ஸ் ஆடிட்டு இருப்பா."

எஸ்தெர், அப்பாவின் ஒரே தங்கை. எழுபத்து நான்கு வயதுக்கு நல்ல குரல் வளம். ஜனவரி ஒன்பதாம் தேதியிலிருந்து அந்தக் குரல் கடலோரப் பக்கார் ஊரின் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. அன்றுதான் நெரீனா, எழுபத்தாறு வயது, இர்மாவின் அம்மா, எல்லைக்கு அப்பால் திரியெஸ்தே துறைமுகத்தில் ஒற்றைப் பெட்டியோடு கப்பலேறினாள். உலகத்தைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பல். நூற்று இருபத்தெட்டு நாள். ஊரில் கப்பல் பயணம் போகாதவர்கள் யாருமில்லை. ஆனால் எல்லோரும் ஜோடியாக, ஒரு வாரம் பத்து நாள் போவார்கள். வெயிலில் சிவந்து, இரண்டு சுற்று பெருத்துத் திரும்புவார்கள். புருஷனுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்த பிறகு, ஒண்டியாக, நான்கு மாதத்துக்கு மேல் எவள் போவாள்? எஸ்தெர் கேட்டாள், மீன் சந்தை கேட்டது, இர்மாவும் கேட்டாள்.

"மருந்து எப்ப எதுன்னு டப்பா மேல எழுதி வெச்சிருக்கேன்" என்றுதான் அம்மா பதில் சொன்னாள்.

மருந்துக்கடை வேலைக்குச் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இர்மா வந்து தங்கினாள். இரண்டு மாதம். அப்பாவைக் கழுவினாள், புரட்டினாள், கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். ஆச்சரியம் என்னவென்றால், அவர் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நான் முப்பத்தஞ்சு வருஷம் கப்பல்ல போனேன். அவ ஒரு தடவை போகட்டுமே" என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லாம், லிவியோ துரினா மாதிரி மனசு யாருக்கு வரும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். தினமும் காலையில் மட்டும், "இன்னிக்கு எங்க இருக்கா?" என்பார். இர்மா கைப்பேசியில் கப்பலின் இடத்தைப் பார்த்துச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அங்கிருந்து விமானத்தில் வர எத்தனை மணி நேரம் என்று முணுமுணுப்பார். வரச்சொல் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

முந்தாநாள் மட்டும், "இன்னும் கோவமாத்தான் இருக்காளா?" என்றார்.

"எதுக்குப்பா கோவம்?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமையலறையில் ஸ்லாவ்கோ மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரின் சாவுகளுக்கெல்லாம் அவர்தான் பெட்டி, வண்டி, மாலை, அறிவிப்பு. அறிவிப்பை மதியத்துக்குள் ஊரின் மூன்று அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டிவிட வேண்டும். பக்காரில் செத்தவர் பெயரைவிட, கீழே 'ஆழ்ந்த துயரத்தில்' என்று போட்டு வரும் பெயர்களைத்தான் ஜனங்கள் கவனமாகப் படிப்பார்கள். ஒரு மருமகனின் பெயர் விட்டுப்போனால் பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓடும்.

"மனைவி நெரீனா. மகள் இர்மா. தங்கை எஸ்தெர். இந்த வரிசைதானே?" என்று ஸ்லாவ்கோ அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அம்மாதான். இர்மா கத்தியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மலைக்காற்று முகத்தில் அறைந்தது.

"அம்மா, அப்பா போயிட்டார்."

அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"எப்ப?"

"ஏழு மணிக்கு. ஷேவ் பண்ணிட்டு இருந்தேன்."

"வலிச்சுதா?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"சரி."

"என்ன சரி? கப்பல் சிட்னிலதானே நிக்குது? நாளைக்கு சாயங்காலம்தான் கிளம்பும்னு போட்டிருக்கு. இன்னிக்கு பிளேன் பிடிச்சேன்னா வியாழக்கிழமை இங்க வந்துடலாம். அடக்கத்தை வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம்னு ஸ்லாவ்கோ சொல்லிட்டார்."

"நான் வரல இர்மா."

"அம்மா!"

"வரல."

"நடுக்கடல்ல இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். நீ கரையில இருக்கே!"

"ஆமா. கரையிலதான் இருக்கேன். துறைமுகத்துக்கு எதிர்ல உட்கார்ந்து வறுத்த மீன் தின்னுட்டு இருக்கேன். உங்கப்பாவும் கரையிலதான் இருந்தார்."

"எப்ப?"

"டீனோ செத்தப்ப."

இர்மாவின் தம்பி டீனோ. எண்பத்தொன்று ஜனவரியில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போனான். நான்கு வயது. இர்மாவுக்கு அப்போது பத்து. அப்பா பிரேசிலிலிருந்து வரும் சரக்குக் கப்பலில் இருந்தார். அவர் கப்பலிலிருந்து அனுப்பிய செய்தி என்று, கம்பெனி அலுவலகத்திலிருந்து தட்டச்சு செய்த தாள் ஒன்று வந்தது: கப்பல் நடுக்கடலில், திரும்ப வழியில்லை, என் மகனை நல்லபடியாக அடக்கம் செய்யுங்கள். அந்தத் தாளை அம்மா மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பாவம், அங்க ஒண்டியா அழுதுட்டு இருப்பார்" என்று சொன்னது இர்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

"டாக்டர் நவம்பர்ல பழைய மருத்துவச் சீட்டெல்லாம் கேட்டாரில்ல?" என்றாள் அம்மா. "தகரப் பெட்டியைக் குடைஞ்சப்ப அவரோட மாலுமிப் புத்தகம் கிடைச்சுது. எந்தக் கப்பல்ல ஏறினார், எங்க இறங்கினார், எல்லாத்துக்கும் முத்திரை இருக்கு. இறங்கின இடம் திரியெஸ்தே. ஜனவரி பதிமூணு. குழந்தை போனது பதினாலு. புதைச்சது பதினாறு. இவர் வீட்டுக்கு வந்தது பிப்ரவரி ரெண்டு."

திரியெஸ்தே பேருந்தில் இரண்டு மணி நேரம். அந்தக் காலத்தில் சனிக்கிழமை காலையில் போய், காபிக்கொட்டையும் ஜீன்ஸும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்புவார்கள்.

"அவரைக் கேட்டியா?"

"கேட்காம? பயமா இருந்துதாம். அந்தச் சின்னப் பெட்டியைப் பார்க்கற தைரியம் இல்லையாம். துறைமுகத்துக்குப் பின்னால ஒரு ரூம் எடுத்து மூணு வாரம் படுத்துக் கிடந்தாராம். பயமாம்! எனக்கு மட்டும் என்ன, திருவிழாவா இருந்துது? அவரைக் கேட்ட மறுநாளே ரியெக்கா டவுனுக்குப் போனேன். பயண ஆபீஸ் பொண்ணு கிரீஸ் பத்து நாள், நார்வே பன்னிரண்டு நாள்னு படம் படமாக் காட்டினா. டாக்டர் வசந்தம் வரைக்கும்னு கெடு சொல்லியிருந்தார். கோடை வரைக்கும் போற கப்பல் எதும்மான்னு கேட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. ஒண்டி ஆளுக்கு ஒன்றரை மடங்குன்னா. ரெண்டு மடங்குன்னாலும் தரேன், எழுதுன்னேன்."

இர்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஊர் பார்க்கப் போகவில்லை. அப்பாவுக்கு மிச்சமிருந்த நாளைவிட நீளமான பயணமாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்திருக்கிறாள். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வாயைத் திறக்காமல் கிடந்து, பெரிய மனசுக்காரர் என்று பெயரும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"அவரைப் பழிவாங்கினே, சரி. என்னை எதுக்கும்மா? ரெண்டு மாசமா இங்க நான்தான் கிடக்கேன்."

இப்போதுதான் அம்மா சற்றுத் தயங்கினாள். "அது தப்புதான். உன்கிட்ட மன்னிப்புக் கேட்கறேன். ஆனா வரமாட்டேன். இன்னொண்ணு, போர்டுல ஒட்டுவீங்கள்ல, துயரத்தில்னு போட்டு? அதுல என் பேர் இருக்கக் கூடாது. டீனோவுக்கு ஒட்டினப்ப முதல் பேரு அவர் பேருதான். ஊரே அதைப் படிச்சுட்டு, பாவம் நடுக்கடல்ல இருக்கானேன்னு அவருக்காக அழுதது. பக்கத்துல நின்ன என்னை ஒருத்தரும் பார்க்கல. எனக்குத் துயரம் இல்ல இர்மா. இல்லாததை எழுதாதே."

இணைப்பு அறுந்தது. இர்மா உடனே உள்ளே போகவில்லை. அவளுக்கு அம்மாவை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவை நினைத்தாலும் அப்படியே. ஆனால் அவளைப் போட்டு அறுத்தது வேறொன்று. தம்பியைப் புதைத்த மறுநாள் அவள் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'அப்பா, கடலில் தனியாக அழாதீர்கள். டீனோவுக்கு நீலச் சட்டைதான் போட்டோம். நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்.' அந்தக் கடிதத்தை அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் பணப்பையில் வைத்திருந்தார். மதுக்கடையில் எடுத்துக் காட்டுவார், என் மகள் பத்து வயசுல எழுதினது என்று. அவளும் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தாள். அத்தை அடுப்பில் காபியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எண்பத்தொண்ணு ஜனவரில நீங்க கம்பெனி ஆபீஸ்லதானே டைப்பிஸ்டா இருந்தீங்க?"

"இருந்தேன். இப்ப எதுக்கு அது?"

"டீனோ செத்தப்ப வந்த தாளை யார் அடிச்சது?"

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. அத்தை பாத்திரத்தை இறக்கிவைக்கவே இல்லை. ஸ்லாவ்கோ எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"சொல்லிட்டாளா உங்கம்மா?" என்றாள் எஸ்தெர். "நான் என்ன பண்ணட்டும்? திரியெஸ்தேலேர்ந்து ஆபீசுக்குப் போன் பண்ணான், விஷயத்தைச் சொன்னதும் அழறான். வரமுடியாது எஸ்தெர், பார்த்தா செத்துடுவேங்கறான். எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அடிச்சேன். சனிக்கிழமை பஸ்ல சூப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"நான் உங்ககிட்ட ஒரு கடிதம் கொடுத்தேனே, கப்பலுக்கு அனுப்பச் சொல்லி?"

"அதையும்தான் கொண்டுபோனேன். படிச்சுட்டுக் குழந்தை மாதிரி அழுதான்டி."

"அழுதுட்டு?"

"என்ன?"

"அழுதுட்டு என்ன பண்ணார்? நான் அம்மாவைப் பார்த்துக்கறேன்னு எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டும் அங்கயேதானே படுத்திருந்தார்?"

"பழசெல்லாம் எதுக்கு? செத்தவன் உள்ள கிடக்கான்" என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கடிதத்தை அவன் கோட்டுப் பையிலயே வெச்சு அனுப்பலாம்னு நானே சொல்ல இருந்தேன்."

சூப்பு வாளியோடு அத்தை பேருந்தில் உட்கார்ந்திருப்பதை இர்மா நினைத்துப் பார்த்தாள். திரும்பி வந்த பிறகு நேராகத் தங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்திருப்பாள். வைத்தாள். இர்மாவுக்கே அது ஞாபகம் இருக்கிறது.

ஸ்லாவ்கோ மெல்லத் தொண்டையைச் செருமினார். "நேரமாகுது இர்மா. அச்சடிக்கணும். மனைவி நெரீனா..."

"மனைவி பேரை எடுத்துடுங்க."

அத்தை கரண்டியை மேசையில் எறிந்தாள். "உனக்கென்ன பைத்தியமா? பொண்டாட்டி பேரு இல்லாம அறிவிப்பா? ஊர் சிரிக்காது?"

"என் பேரையும் எடுத்துடுங்க."

ஸ்லாவ்கோவின் விரல்கள் நின்றன. தொழிலில் எத்தனையோ பார்த்தவர்; சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டவர்கள் உண்டு, இப்படி எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை.

"அப்ப ஒரே ஒரு பேருதான் இருக்கும்" என்றார்.

"அந்தப் பேரு போதும்."

"இர்மா! நீதானேடி ரெண்டு மாசமா அவன் மலத்தை அள்ளினே? காலைல விழுந்து விழுந்து அழுதியே!"

"அழுதேன். இன்னும் அழுவேன். அது என் வீட்டுக்குள்ள. ஊர்ப் பலகையில அவருக்காகப் பொய் எழுதினது போதும் அத்தை. உங்க பேருதான் அதுல இருக்கணும். அவர் எங்க இருந்தார்னு தெரிஞ்சு அழுத ஒரே ஆள் நீங்கதான்."

ஸ்லாவ்கோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு வரிகளை அழித்தார்.

இர்மா அப்பாவின் அறைக்குப் போனாள். சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. வெந்நீரில் துணியை நனைத்து மெதுவாக ஊறவைத்து, வலது கன்னத்தை மழித்தாள். ஒரு கீறல் விழவில்லை. அவள் மனதில் இருந்த அன்பு ஒரு சொட்டும் குறையவில்லை என்பது அவளுக்கே பிடிக்கவில்லை. பணப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள், பிரிக்கவில்லை, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு மீன் சந்தைப் பலகையில் ஸ்லாவ்கோ நான்கு மூலைக்கும் ஊசி குத்தி அறிவிப்பை மாட்டினார். கறுப்புக் கட்டத்துக்குள் மாலுமித் தொப்பியோடு அப்பா சிரித்தார். கீழே, 'ஆழ்ந்த துயரத்தில்' என்பதற்கு அடியில், 'தங்கை எஸ்தெர்' என்று இருந்தது. அதற்கும் கீழே நிறைய வெள்ளைத்தாள். அத்தை கறுப்புச் சால்வையோடு பலகையோரம் நின்றாள். வீட்டிலேயே இருங்கள் என்று இர்மா சொன்னதைக் கேட்கவில்லை.

முதலில் வந்தவள் மத்தி மீன் பையோடு வந்த எதிர்வீட்டுக்காரி. படித்தாள். விரல் வைத்து மறுபடி படித்தாள். இர்மாவிடம் நீட்ட எடுத்த கையைப் பாதியில் நிறுத்தி, திரும்பி அத்தையிடம் போனாள். அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "என் அனுதாபம் எஸ்தெர்" என்றாள். அடுத்து மீன் விற்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பேருந்துக்கு நின்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் பலகையைப் பார்த்தார்கள், இர்மாவைப் பார்த்தார்கள், பிறகு அத்தையிடம் போனார்கள். அத்தை ஒவ்வொருவருக்கும் "நன்றி, நன்றி" என்றாள். அவள் கண்கள் மட்டும் அவர்கள் தோளுக்கு மேலாக இர்மாவைத் தேடிக்கொண்டே இருந்தன.

ஆட்கள் சேரச் சேர வரிசை நடைபாதையை அடைத்தது. "கொஞ்சம் வழி விடறீங்களா?" என்றார் பின்னால் வந்த ஒரு கிழவர். இர்மா ஒதுங்கி, ரொட்டிக்கடைப் படியில் ஏறி நின்றாள்.