சூடான சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதுரை கோச்சடையில் சுடலையின் பிரேக் பட்டறையில் இன்று காலை என் ஸ்கூட்டருக்குக் கேபிள் மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேபிள் வேலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ஆனாலும் பகல் இரண்டரை வரை நான் எழுந்திருக்கவில்லை. அடுத்தவர் கஷ்டத்தை ஓசியில் கேட்டுக்கொண்டிருப்பதற்கு இலக்கியத் தேடல் என்று பெயர்.

நான் அன்பைப் பற்றி எழுதுகிறவன். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பார், உலகம் சரியாகிவிடும். இப்படி முந்நூறு கதைகள் எழுதியிருக்கிறேன். உலகம் ஏன் இன்னும் சரியாகவில்லை என்று யாரும் கேட்டதில்லை. யாரும் படிக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

தொடக்கம், முதல் முயற்சி: "வைகை வறண்டு கிடந்த சித்திரையில், விதியைப் போல நடுங்கியது அந்த ஸ்டியரிங்..." விதி எங்கே நடுங்குகிறது? நாம்தான் நடுங்குகிறோம்.

இரண்டாம் முயற்சி: "இரும்புக்கும் ஒரு மனம்..." (கிடையாது. அதனால்தான் பட்டறைக்காரர்கள் மதியம் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.)

மூன்றாவது: ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. இதுவே இருக்கட்டும்.

2

வண்டி அழகுபாண்டியுடையது. அலங்காநல்லூர்க்காரன். மேலூரில் பாலிஷ் போட்ட கிரானைட் பலகைகளை ஏற்றி வந்து, மதுரையில் வீடு கட்டுகிறவர்களுக்கு இறக்குவான். வண்டி தாங்குவது ஒன்றரை டன். இவன் ஏற்றுவது அதற்கு மேலே கொஞ்சம்.*

* கொஞ்சம் என்பது அவன் சொன்ன அளவு. நான் நல்லவன், திருப்பிக் கேட்கவில்லை.

அறுபதில் போகும்போது பிரேக்கைத் தொட்டால் ஸ்டியரிங் உதறுகிறது, பெடல் காலைத் திருப்பித் தள்ளுகிறது. லோடோடு வந்தால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. முந்தாநாள் ஒரு டவுன்பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றதாம். பத்து மாதத்தில் இது மூன்றாவது தடவை. இரண்டு முறை, பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான முன்சக்கர டிஸ்க்குகளை மாற்றியாகிவிட்டது.

"அண்ணே, நீங்க போட்டது டூப்ளிகேட்டு. இல்லேன்னா சத்தியம் பண்ணுங்க" என்றான் அழகுபாண்டி.

சுடலை சத்தியம் பண்ணவில்லை. சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கின் முகத்தில், கோணலை அளக்கும் ஒரு முள் கடிகாரத்தை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒழுங்காக நிற்காமல், மயிரிழையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மயிரிழைதான் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் உதறலாகிறது. பிறகு புது டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவன் கண் முன்னாலேயே மாட்டிச் சுற்றினார். முள் அசையவில்லை. அதாவது, போடும்போது நேராகத்தான் இருக்கிறது; போன இடத்தில்தான் கோணுகிறது. அதை நாலு வார்த்தையில் நாசூக்காகச் சொன்னார்.

நட்டு ஒரே அளவாக முறுக்கப்பட்டிருக்கிறதா, டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் இறுகிப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் பழைய டிஸ்க்கைத் தூக்கி, இரண்டு தகட்டுக்கும் நடுவே காற்றுப் போவதற்கென்று விட்டிருக்கும் இடுக்கில் டார்ச் அடித்தார். உள்ளே மஞ்சளாக எதுவோ. துரு என்று நினைத்துச் சுரண்டி, விரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.

துரு இல்லை. மஞ்சள்தூள்.

3

இந்த இடத்தில் தமிழ்ச்செல்வி வந்தாக வேண்டும். அழகுபாண்டியின் மனைவி. இவளை எழுதத்தான் எனக்குப் பயம்.

முதலில் இவளை ஒன்றும் அறியாத பெண்ணாக எழுதினேன். படித்தவர்கள் படித்துவிட்டு, பாவம் என்று உச்சுக்கொட்ட வசதியாக இருந்தது. கிழித்துவிட்டேன். பிறகு தெய்வப் பெண்ணாக எழுதினேன். நானே ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டு எழுந்துவிடலாம் போலிருந்தது. அதையும் கிழித்தேன். மஞ்சளைப் பார்த்ததும் அழகுபாண்டி சொன்னபடி, நடந்தது இவ்வளவுதான்:

ஒரு வருடத்துக்கு முன்னால், ஒத்தக்கடைப் பக்கம் இவன் வண்டி லோடோடு கவிழ்ந்தது. இவனுக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும் விட்டுப்போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவள் பாண்டி முனி சாமியை வேண்டிக்கொண்டாள். வெளியே போய் வந்தவர்களுக்குக் காலுக்குத் தண்ணீர் கொடுப்பது போல, வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும், சூடு ஆறுவதற்குள், முன்சக்கரம் இரண்டுக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து ஊற்றியிருக்கிறாள்.

மேலூரிலிருந்து பாரத்தோடு மிதித்து மிதித்து வந்த டிஸ்க், தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். சக்கரத்து ஓட்டை வழியே ஒரு வாளித் தண்ணீர் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தால், இரும்பு சுருங்கிக் கோணாமல் என்ன செய்யும்?

அவன் செத்துப்போகக் கூடாது என்று ஊற்றுகிற தண்ணீர்தான் பிரேக்கைக் கெடுக்கிறது. முந்நூறு கதை எழுதிய எனக்கு இப்படி ஒரு அன்பு அகப்படவே இல்லை.

4

அழகுபாண்டி அந்த மஞ்சளைத் தானும் விரலில் தேய்த்துப் பார்த்தான். பிறகு சுடலையைத் தனியாக அழைத்துப் போனான். (தனியாக என்றால் என் நாற்காலிக்குப் பின்னால்.)

"அவகிட்டச் சொல்லிராதீங்கண்ணே. நாலு மாசத்துக்கு ஒருக்கா டிஸ்க்க மாத்திக்கிடுவோம். அந்தத் தண்ணிய நிப்பாட்டுனா அவ தூங்கமாட்டா."

"அவ தூங்காட்டி எந்திரிச்சு உக்காந்துக்கிருவா மாப்ள. நீ எந்திரிக்கணும்ல?"

பகல் ஒன்றரைக்குத் தமிழ்ச்செல்வி ஸ்கூட்டியில் சாப்பாட்டோடு வந்தாள். சுடலை பழைய டிஸ்க்கைத் தூக்கி வந்தார். டார்ச்சை அவள் கையில் கொடுத்து, இடுக்கைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். டார்ச்சை அணைக்காமலே நிமிர்ந்தாள்.

"இது நான் ஊத்துனதுதானண்ணே?"

"ஆமாத்தா. ஒரு மணி நேரம் ஆறவிட்டு ஊத்து. ஒண்ணும் ஆகாது."

"சூடு ஆறுறதுக்குள்ளன்னுதான நேந்துக்கிட்டேன். ஆறுனப்புறம் ஊத்துனா அது சாமிக்கு ஊத்துனதாகுமா?"

சுடலை கையைத் துடைத்துக்கொண்டார். "அது நமக்குத் தெரியாத வேல. சார்ட்ட கேளு. தெனம் கோயிலுக்குப் போறவரு. கதை வேற எழுதுறாரு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நெற்றி நிறைய விபூதியோடு நான், புது கேபிள் போகப் போகத் தளர்ந்துவிடுமா என்று சுடலையிடம் கேட்டேன். தளராது என்று மரியாதையாகச் சொன்னார்.

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு சாப்பாட்டுக் கூடையை அவனிடம் கொடுத்தாள்.

"அப்ப இன்னைக்கும் எப்பவும்போலத்தான் ஊத்துவேன். நானா நிப்பாட்ட எனக்குத் தகிரியம் இல்ல."

5

முடிவுகள், விருப்பம் போல எடுத்துக்கொள்ள:

அ. சுடலை ஒரு பொய் சொல்கிறார். கோயில் பூசாரியே ஆறவிட்டு ஊற்றச் சொன்னதாக. இனிமையான முடிவு. ஆனால் சாமி பெயரில் பொய் சொல்லி ஒரு நல்ல கதையை முடிக்க எனக்கு நா எழவில்லை.

ஆ. அவள் விழிப்புணர்வு பெறுகிறாள். வாளியைத் தூக்கி எறிகிறாள். இதற்குப் பரிசு நிச்சயம்.

இ. டிஸ்க் மறுபடி கோணுகிறது. மேலூர் சாலையில் அழகுபாண்டி... பெரிய எழுத்தாளர்கள் இப்படித்தான் முடிப்பார்கள். கதைக்கு ஆழம் வேண்டும் என்பதற்காக ஒருத்தியின் புருஷனைக் கொல்ல எனக்கு மனமில்லை. எனக்கு ஆழம் வராததற்கு இது ஒரு காரணம்.

ஈ. இது எழுதும்போது தோன்றியது. வண்டியில் சூடாக வருவது டிஸ்க் மட்டுமா? ஏழு மணிக்கு அவனும்தான் கொதித்துப்போய் இறங்குகிறான். அந்தத் தண்ணீரை முதலில் அவன் காலில் ஊற்றட்டும். வாளியில் மீதியை வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடித்தபின் சக்கரத்துக்கு ஊற்றட்டும். வண்டி வந்ததும், சூடு ஆறுமுன் ஊற்றியாகிவிட்டது. சாமிக்கும் சம்மதமாக இருக்கும் என்று

என்று யார் சொல்வது? நானா? கேட்டபோது கேபிளைப் பற்றிப் பேசியவன்.

6

இப்போது மணி ஐந்து பத்து. புது டிஸ்க் மாட்டி, இரண்டரைக்கே அவன் மேலூருக்குப் போய்விட்டான். எப்போதும் போல லோடோடு வீட்டுக்கு வந்து, காலையில்தான் இறக்குவான். அவள் ஆறரைக்கெல்லாம் மஞ்சளைக் கரைத்துவிடுவாள். இந்த மாலை நேர நெரிசலில் ஸ்கூட்டரை நம்ப முடியாது. அலங்காநல்லூர் பஸ் ஐந்தரைக்கு.

நாலாவது முடிவை இன்னும் நாலு முறை திருத்தினால் அழகாக வரும் என்று எனக்குத் தெரியும். பஸ் போய்விடும் என்பதும் தெரியும். அவள் வாசலில் நின்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம். சாமி காரியத்தில் நீங்கள் யார் என்று கேட்கலாம். மறுபேச்சில்லாமல் சக்கரத்திலேயே ஊற்றலாம். அவள் என்ன செய்தாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். செருப்பை வேறு எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. நான் போய்ட்டு