மனுக்குரல்

கடைசி வருஷம் வந்துவிட்டால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்வார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடிக்கு ஏறிப்போய் ப்ராஜெக்ட் வாங்கி வருவார்கள். ஆமாம், கத்திரிக்காய் வாங்குகிற மாதிரிதான்! தலைப்பு, ப்ரோக்ராம், பைண்டு போட்ட புத்தகம், கேள்வி கேட்டால் சொல்ல வேண்டிய பதில், எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். அந்த வருஷம் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் ப்ராஜெக்ட் நன்றாக ஓடியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் பாதிப்பேர் அதைத்தான் வாங்கினார்கள்.

"நாலாவது ஆளா ஒன்னையும் சேத்துட்டேன். கையெழுத்து மட்டும் போடு," என்றாள் ஆண்டாள். கண்ணகிக்கு அங்கே இருந்த ஒரே தோழி அவள்தான்.

கண்ணகி போடவில்லை. பிடிவாதக்காரி. மலைமேல் இருக்கிற கரியாலூரிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள் அவள். அவளுடைய அம்மா அமிர்தத்துக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. போனைப் பார்த்து "எம்பொண்ணுக்குப் போடு" என்று கத்தினால், அது யாரோ கோழிக்குழம்பு வைக்கிற வீடியோவைக் காட்டும். மலைப்பேச்சு அந்தச் சனியனுக்கு விளங்காது. மகளோடு பேச வேண்டுமானால் படித்த ஆளாகப் பார்த்து அமிர்தம் கெஞ்ச வேண்டும். அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டு போன் போட்டுத் தருகிற ஒரு ஆப். அதுதான் கண்ணகியின் தலைப்பு.

"வேலைக்கு ஆவாதும்மா," என்றார் ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வாத்தியார், கைடு காசிநாதன். "கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்றவன் மொதல்ல ப்ராஜெக்ட்டத்தான் கேப்பான். சொதப்புச்சின்னா நீ மறுபடி மலையேற வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சிபாரிசுக்கு ஆள் இல்லாத பெண்ணுக்கு அந்த ஒரு இன்டர்வியூதான் வழி. தெரிந்தேதான் தனியாகக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு மெஸ்ஸில் ஆண்டாள் வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

லீவு நாளெல்லாம் கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ் பிடித்தாள் கண்ணகி. சாமைக் காட்டிலும் குழாயடியிலும் கண்டவர் முன்னால் போனை நீட்டி, "பேசுங்க" என்றாள். பேசினார்கள். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார்கள். அமிர்தமும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கமுங்க. என் பேரு அமிர்தம். ஊரு கரியாலூருங்க" என்று ஆரம்பித்தாள். என்ன தெளிவு! கண்ணகிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

லேபில் உட்கார்ந்து அந்தக் குரல்களைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினாள். மற்றவர்கள் கும்பலாகச் சினிமாவுக்குப் போனார்கள்; இவளை யாரும் கூப்பிடவில்லை. காதில் மாட்டிக்கொண்ட மலைக்குரல்கள்தான் துணை. எல்லாரும் அவளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏன் என்று அப்போது தோன்றவில்லை பாருங்கள்.

ப்ராஜெக்ட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது ஊருக்குப் போய், அம்மாவின் போனில் ஆப்பைப் போட்டு, நீட்டிப் பிடித்தாள். அமிர்தம் அப்போது ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, எலும்பும் தோலுமா வந்து நிக்கற? அங்க சோறு போடறானுங்களா இல்லியா? வூட்டுக்குள்ள போயி துன்னுடி மொதல்ல!"

திரையில் ஒரு எழுத்து விழவில்லை. மறுபடி பேசச் சொன்னாள். மறுபடியும் ஒன்றுமில்லை.

"இரு, இரு," என்று அமிர்தம் கம்பைக் கீழே போட்டாள். முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். "வணக்கமுங்க. என் பேரு அமிர்தம். எம்பொண்ணு கண்ணகிக்குப் போன் போடணுங்க."

கண்ணகியின் பைக்குள் போன் அடித்தது.

"பாத்தியா? பதமா பேசுனா கேட்டுக்குது." அமிர்தத்துக்கு ஒரே சந்தோஷம்.

"ஏம்மா அப்பிடிப் பேசற?"

"போன நீட்டிக்கினு பேசுன்னா வேற எப்பிடிப் பேசறது? பட்டாவுக்கு மனு குடுக்கப் போனா இப்பிடித்தான பேசுவோம்."

கண்ணகிக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமாக அவள் சேர்த்தது மலைப்பேச்சே இல்லை, மனுக்குரல். போனை நீட்டிக்கொண்டு நின்றபோது அவளை யாரும் ஊர்ப்பெண்ணாகப் பார்க்கவில்லை. பெற்றவள்கூட ஆபீசு ஆளிடம்தான் பேசியிருக்கிறாள். திரும்பப் பதிவு செய்யவும் நாள் இல்லை. இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள்.

இன்டர்வியூவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டார். கண்ணகி எதையும் மறைக்கவில்லை.

"தப்பாப் போச்சு மேடம். ஆபீசர்கிட்ட பேசற மாதிரியே எல்லாரும் எங்கிட்ட பேசிட்டாங்க. பதிவு பண்றேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, போன ஓரமா வச்சுட்டு, கூடவே களை எடுத்திருக்கணும். சண்டையும் சிரிப்பும் தானா வந்திருக்கும்."

அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டு வேலை செய்கிற கருவிகளைச் செய்யும் கம்பெனி அது. பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. ஆண்டாளிடம் கேட்ட முதல் கேள்விக்கே ப்ராஜெக்ட் விற்ற மாடிக்காரன் பதில் எழுதித் தந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவள் கண்ணகியின் முகத்தில் விழிக்கவேயில்லை.

பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உடன் தங்கியிருந்த பெண்கள் வெளியே போய்விட்டார்கள். காலையிலிருந்து கண்ணகி யாரிடமும் வாய் திறக்கவில்லை. போன் அடித்தது. அம்மா! யாரையும் கெஞ்சாமல், அந்த ஆப்பிடம் சொல்லி அமிர்தம் தானாகவே போட்ட முதல் போன். கண்ணகி பாய்ந்து எடுத்தாள். "இன்னாடி, துன்னியா?" என்று ஒரு அதட்டல் கேட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

"வணக்கமுங்க. என் பேரு அமிர்தம். ஊரு கரியாலூருங்க."

"அம்மா, நான்தாம்மா. லைன் கெடச்சிடுச்சு. சும்மா பேசும்மா."

"நாங்க எல்லாம் நல்லா இருக்கோமுங்க. நீங்க சாப்டீங்களா?"

"திட்டும்மா. ஒரே ஒரு வார்த்த திட்டேன்."

அந்தப் பக்கம் அமிர்தம் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேணாம் கண்ணு. கோவமா பேசுனா அது கட் பண்ணிடும்." உடனே குரல் நிமிர்ந்துகொண்டது. "வேற ஒண்ணும் இல்லீங்க. போய்ட்டு வரமுங்க."