கூப்பிட்டால் வராதே

"பேரைச் சொல்லிக் கூப்புடுங்கம்மா. நல்லா சத்தமா," என்றாள் உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண். கட்டிலோரம் நின்ற மனைவி குனிந்து, புருஷனின் காதருகே வாயை வைத்து, கல்யாணமான ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவனைப் பேர்சொல்லிக் கூப்பிட்டாள். கட்டிலில் ஒன்றும் அசையவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து நாலு வயதுப் பையன் தவழ்ந்து வெளியே வந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே, "என்னம்மா?" என்றான்.

அவனுக்கும் அதே பேர்தான்.

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் 'பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் புருஷன் தன் பேரையே எழுதி வைத்துவிட்டான். அதுவரை வாழ்நாளில் நிரப்பிய அத்தனை படிவத்திலும் அந்தக் கட்டம் அவனுக்கானதாகத்தானே இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருத்துவதற்கு இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தான். மூன்றாம் நாள், "நல்ல பேருதான, ரெண்டு பேரும் வச்சுக்கறோம். நான் பழசு, அவன் புதுசு" என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவளுக்கும் அது வசதியாகத்தான் போயிற்று. புருஷனைத் திட்ட ஒரு வழி கிடைத்தது. மடியில் பால் குடிக்கிற பிள்ளையைப் பேர்சொல்லி அழைத்து, "ஏண்டா, ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் தூக்கி நிறுத்தற, தின்ன தட்டைத் தூக்க ஒனக்கு ஆள் வேணுமா?" என்பாள். மூலையிலிருந்து தட்டோடு எழுந்து போவான் அப்பன்.

லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் அவன் குழிக்குள் இரண்டு மாடி ஆழம் விழுந்து இன்றைக்கு ஐம்பத்தோரு நாள். பாதுகாப்பு பெல்ட் கேட்டபோதெல்லாம் அடுத்த மாசம் பார்க்கலாம் என்ற சூப்பர்வைசர், ஒரே ஒரு தரம் பழக்கூடையோடு வந்துபோனான். மூக்கில் குழாய் செருகிக் கிடக்கிறவனுக்கு ஆப்பிள். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வருவார். மேல்மாடிப் பயிற்சி வார்டில் இருப்பது ஆறே கட்டில். கூப்பிட்டால் கண்ணையாவது திருப்புகிறவனுக்குத்தான் அங்கே இடம். திருப்பாதவனைக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் வீடு மூன்றாம் மாடியில் ஓர் அறை. லிஃப்ட் கிடையாது.

"நான் எப்பவும் 'என்னங்க'ன்னுதான் கூப்புடுவேன்," என்று சொல்லிப் பார்த்தாள்.

"இந்த வார்டுல பதினாறு 'என்னங்க' இருக்காங்கம்மா. டாக்டர் சீட்டைப் பாத்துப் பேரைத்தான் கூப்புடுவாரு. அதுக்குக் காது பழகட்டும்."

எப்படிப் பழகும்? கூட வேலை செய்கிறவர்களுக்கு அவன் 'லிஃப்ட்டு'. தங்கச்சிக்கு அண்ணன். நாலு வருஷமாக அந்தப் பேர் வீட்டில் ஒலித்ததெல்லாம் பையனுக்காகத்தான். இப்போதும் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறாள், நம்மை இல்லை என்று அவன் உள்ளே எங்கேயோ நிம்மதியாகப் படுத்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை உறுதிப்படுத்துவதுபோல இவன் வேறு ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து நிற்கிறான். முதலில் இவன் வருவதை நிறுத்த வேண்டும். இவனுக்கு வேறு பேர் வேண்டும்.

அன்று சாயங்காலமே நாத்தனாரோடு உட்கார்ந்தாள். கடையில் பில் போடுகிற பெண் அவள்; வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

"ராஜான்னு வெச்சிரலாம் அண்ணி."

"கீழ்வீட்டு நாய் பேரு அது."

"தம்பி?"

"யாருக்குத் தம்பி? இவனுக்கு முன்னாடி நான் யாரைப் பெத்தேன்?"

"அப்ப செல்லம்."

"சோறு ஊட்டறப்ப சரி. செருப்பத் தூக்கிட்டுத் தொரத்தறப்ப செல்லம்னு வாயில வருமா?"

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"எனக்குத்தான் பேரு இருக்கே," என்றான் பையன்.

"அது அப்பாவுக்கு வேணும்டா. கொஞ்ச நாளைக்கு."

அவன் யோசித்தான். "அப்ப அவரு பேர எனக்குக் குடு. என்னைய அப்பான்னு கூப்புடு."

நாத்தனார் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். இவள் அடிக்கக் கையை ஓங்கினாள். எதற்கு அடிப்பது என்று தெரியாமல் அந்தக் கையாலேயே அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். சதா நொய்நொய்யென்று காலைச் சுற்றுவதால் கடைசியில் 'வண்டு' என்று முடிவாயிற்று.

ரெடிமேட் துணி யூனிட்டில் பிசிறு வெட்டுகிறவள் அவள். சட்டைக்கு வேண்டாத நூலை ஒட்டக் கத்தரிப்பது கைவந்த வேலை. இதையும் அப்படித்தான் செய்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வண்டு என்று கூப்பிட்டு வந்தால் பிஸ்கட். திங்கட்கிழமை பூராவும் இரண்டுக்கும் ஓடிவந்தான். செவ்வாய்க்கிழமை பாதி எழுந்து, சந்தேகத்தோடு திரும்ப உட்கார்ந்தான். புதன்கிழமை பேரைச் சொன்னபோது தரையிலிருந்த பொம்மைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை பாலர் பள்ளி டீச்சர் போன் செய்தாள்.

"அட்டெண்டன்ஸ்ல பேரைக் கூப்பிட்டா பேசாம உக்காந்திருக்கான். காதுல ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல டீச்சர். நல்லாதான் கேக்குது."

சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வேலை கச்சிதமாக முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள்; டாக்டர் வரும்போது மணி ஒன்றரை. பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விட்டுவிட்டதால் பையனையும் கூட்டிவர வேண்டியதாயிற்று. வார்டின் கோடியில் இருந்த ஜன்னலருகே அவனைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"யாரு கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், அந்தப் பேருக்குத் திரும்பக் கூடாது. அப்பா திரும்பட்டும். சரியா?"

"அப்பா திரும்பிட்டா நான் திரும்பலாமா?"

"அப்பா திரும்பிட்டா நீ எவ்ளோ வேணாத் திரும்பு."

டாக்டர் சீட்டைப் பார்த்து மூன்று தடவை கூப்பிட்டார். முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினார். நெஞ்சில் விரல் முட்டியால் அழுத்தினார். கண் திறந்துதான் இருந்தது. கூரை விசிறியில் நின்றது நின்றபடி இருந்தது.

"நீங்க கூப்புடுங்கம்மா."

கூப்பிட்டாள். முதலில் அவளுக்கே கேட்காத குரலில். பிறகு, தெருமுனையில் விளையாடுகிறவனை மாடியிலிருந்து கூப்பிடுவதுபோல. வார்டில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பினாள். நாலாம் கட்டிலில் ஒரு மாதமாக யாருக்கும் திரும்பாமல் கிடந்த கிழவர்கூடக் கண்ணை உருட்டி அவளைப் பார்த்தார்.

டாக்டர் எழுதினார். "வீட்ல வச்சுப் பாத்துக்குங்கம்மா. குழாய்ல ஆகாரம் குடுக்க சிஸ்டர் சொல்லித் தருவாங்க," என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நேராக அந்தக் கிழவரிடம்.

அவள் நிறுத்தவில்லை. "போதும்மா, மத்தவங்களும் இருக்காங்கல்ல," என்றாள் சிஸ்டர். அவள் குழாயை, தலையணையை, சவரம் செய்யாத அந்தக் கன்னத்தைப் பார்த்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

பையன் சொன்ன இடத்திலேயே, முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி, இரண்டு கைகளையும் இறுக்கி மடக்கி, கழுத்தை விறைத்துக்கொண்டு. காதுகள் சிவந்திருந்தன. போதும்டா, வா என்று அவனைக் கூப்பிட வேண்டும். புதுப்பேர் எத்தனை தேடியும் அவள் வாயில் வரவில்லை. பழையதுதான் வந்தது.

கூப்பிட்டாள். கண்ணாடியில் அவன் மூச்சு வட்டமாகப் படர்ந்தது, சுருங்கியது, மறுபடியும் படர்ந்தது.