ஃபெலெட்டி சொன்ன அர்த்தம்

சூறாவளி கொண்டுபோன கோவிலை எங்கள் தீவில் மறுபடி கட்டி முடித்ததும், பிரசங்கப் பட்டியலைப் போதகர் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார். திறப்பு நாள் ஆராதனைக்கு நேரே, மீன்பிடிக்கிற மொலேனியின் பெயர் இருந்தது. ஃபெலெட்டிக்கு புதன்கிழமை விடியற்கால ஜெபம்.

ஃபெலெட்டி அந்தப் பள்ளியின் ஆசிரியர். தலைநகரில் இரண்டு வருடம் இறையியல் படித்தவர். அவர் பேசினால் சபை மரியாதையாகக் கேட்கும், விசிறிகள் மட்டும் அசையும். மொலேனி நாலு வார்த்தை பேசுவதற்குள் "மாலியே! மாலியே!" என்று எல்லாரும் வாய்விட்டு மெச்சுவார்கள். அந்தச் சத்தம் தமக்கு ஒருநாளும் எழுந்ததில்லை என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்.

"திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தா பேரு மாறிடுமா?" என்றாள் மனைவி லெசியெலி.

"எழுத்துப்பிழை இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கு. பட்டியல்ல இல்ல, உங்க வயித்துல."

அந்த வாரமே மொலேனி வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். சாலொமோன் ஆலயத்தைத் திறந்தபோது கர்த்தருடைய மகிமை நிரம்பி, ஆசாரியர்கள் நிற்க முடியாமல் போன பகுதியை விரலால் தொட்டுக் காட்டினான்.

"வாத்தியாரே, மகிமைன்னா என்ன? வெளிச்சமா? வெளிச்சம் கண்ணைத்தானே கூசும், ஏன் நிக்க முடியாமப் போச்சு?"

ஃபெலெட்டிக்கு அதற்கு அரைமணி நேரம் பேச விஷயம் இருந்தது. அந்தக் கேள்வி தமக்கு ஏன் தோன்றவில்லை என்று நெஞ்சு எரிந்தது. இவனுக்கா கொடுப்பது?

"எபிரேயத்துல அந்தச் சொல்லுக்கு வேர் கனம். பாரம். மூட்டைக் கனம் மாதிரி. அவ்வளவுதான்."

"கடவுள் பாரமா?"

"அப்படியே சொல்லு."

புதுக் கூரையின் கீழ் நின்று கடவுள் பாரம் என்றால் ஊர் சிரிக்கும். கூரை தாங்குமா என்று கிழவர்கள் கேட்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தே ஃபெலெட்டி மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டார்.

திறப்பு நாளான ஞாயிற்றுக்கிழமை, விசேஷத்துக்கு உடுப்பின் மேல் சுற்றும் இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். மொலேனி எழுந்தான்.

"மகிமைன்னா கனமாம். ஃபெலெட்டி வாத்தியார் சொல்லிக் குடுத்தார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபெலெட்டி தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"சூறாவளி அன்னிக்கு என் ரெண்டு படகுல ஒண்ணு பறந்தே போச்சு. இன்னொண்ணுல விளிம்பு வரைக்கும் மணலைக் கொட்டி வச்சிருந்தேன். அது மண்ணோட அமுங்கிக் கிடந்துச்சு. கிடந்ததாலதான் தப்பிச்சுது. அந்த ஆசாரியருங்களும் அப்படித்தான் அமுங்கினாங்க போல. நான் லேசான ஆளுங்க. நீங்க மெச்சினா பறக்குறேன், திட்டினாலும் பறக்குறேன். ஆண்டவரே, எம்மேல வந்து உக்காருங்க."

"மாலியே!" என்று ஒரு கிழவி அழுதாள். பிறகு சபை மொத்தமும். சிலர் முழங்காலிட்டார்கள். யாரோ ஃபெலெட்டியின் தோளைத் தட்டி, "எப்பேர்ப்பட்ட அர்த்தம் குடுத்தீங்க வாத்தியாரே!" என்றார். வருடக்கணக்காக ஏங்கிய புகழ் அது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மத்தியான விருந்தில் மண்ணடுப்புப் பன்றியும் கிழங்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, மொலேனியைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போனார்.

"உன்னைப் பாத்து ஊரே சிரிக்கணும்னுதான் அதைச் சொன்னேன்."

மொலேனி முகம் கறுத்தது.

"அப்போ அந்த அர்த்தம் பொய்யா?"

"இல்ல. நிஜம்தான். பாதியை மறைச்சுட்டேன். கனம்னா மரியாதையும்தான்."

"நிஜத்தைச் சொல்லி ஏமாத்தப் பாத்தீங்களா?" அவனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "வலிக்குது வாத்தியாரே. ஆனா அடுத்த பகுதிக்கும் உங்ககிட்டதான் வருவேன். முழுசாச் சொல்லணும்."

"சொல்றேன்."

சொன்னபடியே பல வருடம் சொல்லிக் கொடுத்தார். கோவிலில் "மாலியே" எழும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்று குத்துவது மட்டும் நிற்கவில்லை. குத்தும்போது முழங்காலிட்டுவிடுவார். பக்தி முற்றிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மை தெரிந்த லெசியெலி மறுக்கவில்லை.